லைடன் என்ற பெயரும் அப்பம்மாவின் காலும்

சுன்னாகம்

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் கேட்டது மூன்றே வரி. அதற்கு மூன்று வரியில் பதில் போட்டால் அரைப்பொய் சொன்னதாகிவிடும் என்று கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புவேன். என் கையெழுத்து விளங்காத இடத்தில் அப்பாவிடம் கேள். அவருக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

உன் கேள்வியை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்: "சித்தப்பா, அப்பான்ர ரிப்போட்டில ஃபக்டர் ஃபைவ் லைடன் இருக்கு எண்டு வந்திருக்கு. எங்கட லெக்சரில அது வெள்ளைக்காரருக்கு வாறது, ஆசியாக்காரருக்கு இல்லை எண்டு சொன்னவை. அப்ப எங்கட பரம்பரையில ஒரு ஒல்லாந்தன் இருக்கிறானோ?"

கடைசி வரியை வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். பிறகு யோசித்தால், கேள்வியில் பிழை எதுவும் இல்லை. உனக்குக் கற்பித்த வரியில்தான் பிழை.

பெயரை முதலில் முடித்துவிடுவோம். லைடன் என்பது நெதர்லாந்தில் உள்ள பழைய பல்கலைக்கழக நகரம். 1993இல் சுவீடனின் மல்மோ நகரில் பியோர்ன் டால்பெக் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தின் குருதியைச் சோதித்தார். உறைதலை நிறுத்தும் புரதம் ஒன்றை அந்தக் குருதியோடு கலந்தபோது, மற்றவர்களில் நிற்கிற மாதிரி உறைதல் நிற்கவில்லை. அடுத்த வருடம், 1994இல், லைடனில் பெர்ட்டினாவும் அவரோடு சேர்ந்தவர்களும் அதற்குக் காரணமான விகாரத்தை ஐந்தாம் காரணியின் மரபணுவில் கண்டுபிடித்தார்கள். கண்ட ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் கண்ட இன்னொரு விகாரத்துக்கு டோகுஷிமா என்று அந்த ஊர்ப் பெயர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்ரர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். பண்ணைப் பாலத்தால் போய் ஏறுகிறோமே வேலணை, அதற்கு லைடன். டெல்ஃப்ற் மட்டும் இங்கிலிஷில் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. லைடன் பழைய வரைபடங்களிலும் சில புத்தகங்களிலும் கிடக்கிறது. நெதர்லாந்துக்குப் போகாமலே நான் லைடனுக்குப் பலதரம் போய்க் கருவாடு வாங்கி வந்திருக்கிறேன் என்று நீ உன் சிநேகிதிகளுக்குச் சொல்லலாம்.

ஆனால் இந்த விகாரத்தை ஒல்லாந்தன் கப்பலில் கொண்டுவரவில்லை. மரபணுவில் அதன் அக்கம்பக்கத்து எழுத்துகளைப் பார்த்து வயதைக் கணித்தவர்கள், அது ஏறத்தாழ 20,000 முதல் 30,000 வருடங்களுக்கு முன் யாரோ ஒருவரில் ஒரே தடவை தோன்றியிருக்க வேண்டும் என்கிறார்கள். மனிதர் ஆபிரிக்காவிலிருந்து வெளியேறிய பிறகு, கிழக்கு ஆசியாவுக்குப் போனவர்கள் பிரிந்து போன பிறகு. அதனால்தான் பழைய ஆபிரிக்கக் குடிகளிலும் சீனர், ஜப்பானியரிலும் அது அநேகமாக இல்லை. அப்போது ஒல்லாந்தனும் இல்லை, தமிழனும் இல்லை, வேலணையைச் சுற்றிக் கடல் இருந்ததா என்பதே சந்தேகம்.

இனி அண்ணாவின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் என் பிழை ஒன்று இருக்கிறது. அதை நீ என் வாயால் கேட்க வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கென்று அப்பா வந்தது உனக்குத் தெரியும். ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்கா வர, இடையில் மாறி ஏறிய நேரமும் சேர்த்து ஒரு நாளுக்கு மேல். அங்கிருந்து வானில் இரவோடு இரவாக எட்டு மணித்தியாலம். சிறுநீர் கழிக்க இறங்க வேண்டுமே என்று வழியில் தண்ணியும் குடிக்கவில்லை. பத்தாம் நாள் காலை வலது கெண்டைக்கால் இறுகிப்போய் நோகிறது என்றார். பார்த்தேன், மற்றக் காலை விடக் கொஞ்சம் தடிப்பு, தொட்டால் சூடு. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இரத்தத்தோடு வேலை செய்தவன் நான். என்ன செய்தேன் தெரியுமா? தேர் இழுத்த சுளுக்கு என்று சொல்லி, மருந்தெண்ணெய் சூடாக்கி, நானே உருவிவிட்டேன். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு என்றால் அது உருவுகிற கால் அல்ல. உள்ளே இருக்கிற இரத்தக்கட்டி உடைந்து நெஞ்சுக்குப் போனால் கதை வேறு. அடுத்த நாள் மச்சாள்தான் பிடிவாதமாக ஆட்டோ பிடித்து ஸ்கான் எடுக்க அனுப்பினா. அன்று பின்னேரமே ஊசி தொடங்கினார்கள். கட்டி நெஞ்சுக்குப் போகவில்லை. அதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை.

இரத்தம் ஏன் உறைகிறது, ஏன் உறையாமல் இருக்கிறது என்பதை நீ புத்தகத்தில் அம்புக்குறிகளாகப் படித்திருப்பாய். எனக்கு அதைக் காட்டித் தந்தது ஒரு கண்ணாடிக் குழாயும் பாம்பும். புடையன் கடித்து ஆள் வந்தால் நாங்கள் முதலில் செய்வது இருபது நிமிடச் சோதனை. சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் கொஞ்ச இரத்தம் விட்டு, மேசையில் ஆடாமல் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இருபது நிமிடம் முடிந்ததும் மெல்லச் சரித்துப் பார்ப்போம். நல்ல இரத்தம் கறுத்த களி மாதிரிக் குழாயோடு ஒட்டி நிற்கும். நஞ்சேறிய இரத்தம் தேத்தண்ணி மாதிரி வழிந்து வரும். குழாய் பிளாஸ்ரிக்காக இருந்தால் சோதனை பிழைக்கும். உறைதலைத் தூண்டிவிடுவது கண்ணாடியின் மேற்பரப்புத்தான். புடையன் நஞ்சில் இருக்கிற ஒரு நொதியம் ஐந்தாம் காரணியை நேராகப் போய்த் தூண்டுகிறது. உடம்பு முழுக்க ஒரேயடியாக உறைதல் தொடங்கி, உறைவதற்கான சரக்கெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் உறையவே முடியாமல் போகிறது. உன் அப்பாவின் ரிப்போட்டில் இருக்கும் அதே ஐந்தாம் காரணிதான்.

சரி, தோட்டத்துக்கு வா. சின்னதில் நீ வந்தபோது செம்மண்ணில் உன் வெள்ளைச் சட்டையைக் கெடுத்துக்கொண்டு தண்ணி மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? மெசின் கிணற்றடியில் இறைக்கும். ஓராள் மண்வெட்டியோடு பாத்திகளுக்குள் நிற்பார். வாய்க்கால் வரம்பு எங்கேயாவது உடைந்தால் ஓடிப்போய் மண் போட்டு அடைப்பார். உடைந்த இடத்தில் வேகமாக மண் விழ வேண்டும். அதே நேரம், அடைத்து முடிந்ததும் கை நிற்கவும் வேண்டும்; நிற்காவிட்டால் வாய்க்காலே தூர்ந்துவிடும். உறைதல் என்பது மண் போடுவது. ஐந்தாம் காரணி மண் போடுகிறவனின் வேகத்தைப் பல மடங்காக்கிவிடும் உதவியாள். புரதம் சி என்று ஒன்று, புரதம் எஸ்ஸின் துணையோடு வந்து, ஐந்தாம் காரணியைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி வேலையை நிறுத்துகிறது. வெட்டும் இடங்களில் முக்கியமானது 506ஆம் இடம். அங்கே ஆர்ஜினின் இருக்க வேண்டும். லைடன் விகாரத்தில் அங்கே குளுற்றமின் இருக்கிறது. கத்தி அந்த இடத்தில் பிடிக்காது. வேறு இடங்களில் வெட்டி முடிக்க ஏறத்தாழப் பத்து மடங்கு நேரம் எடுக்கிறது. அதுவரை மண் விழுந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான் விசயம், ஒரு எழுத்து.

ஒரு பிரதி மட்டும் அப்படி இருந்தால், நாளத்தில் கட்டி விழும் வாய்ப்பு மற்றவர்களை விட மூன்று முதல் ஐந்து மடங்கு. கேட்கப் பயமாக இருக்கும். எந்த எண்ணின் மடங்கு என்று கேட்கப் பழகு. மேற்கு நாடுகளில் வயது வந்த ஆயிரம் பேரில் வருடத்துக்கு ஒருவர் அளவில்தான் இந்தக் கட்டி வருகிறது. அதன் நான்கு மடங்கு என்றாலும் ஆயிரத்தில் நான்கு. இந்த விகாரத்தோடு பிறந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு கட்டியும் காணாமலே வயதாகிச் சாகிறார்கள். அப்பாவுக்கு வந்தது விகாரத்தால் மட்டும் அல்ல. விர்ஷோ என்பவரின் பெயரால் வழங்கும் மூன்று காரணங்கள் உண்டு: ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் சுவர் கெடுவது, இரத்தமே மாறுவது. அண்ணாவுக்கு இரத்தம் பிறப்பிலேயே ஒரு சொட்டுக் கூடுதலாக உறையப் பார்க்கும் சாதி. அதோடு கால் மடக்கி ஒன்றரை நாள் இருந்தது, தண்ணி குடியாதது, வயது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட கணக்கின்படி நாலு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட விமானப் பயணம் ஒன்றுக்குப் பிறகு கட்டி வருவது ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவர் யார் என்பதைத்தான் இப்படிப்பட்ட சின்னச் சின்ன விசயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன.

இப்போது உன் லெக்சருக்கு வருகிறேன்.

அவர்கள் சொன்னதற்கு ஆதாரமான எண் பெரும்பாலும் 1997இல் அமெரிக்காவில் நாலாயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்து ரிட்கர் என்பவரின் குழு வெளியிட்டதாக இருக்கும். வெள்ளையரில் நூற்றுக்கு 5.27, ஹிஸ்பானியரில் 2.21, கறுப்பினத்தவரில் 1.23, ஆசிய அமெரிக்கரில் 0.45. எண்ணில் பிழை இல்லை. "ஆசியர்" என்ற சொல்லில்தான் சறுக்கல். லண்டனில் உன் மாமி ஒரு படிவத்தில் "ஆசியன்" என்று கோடு போட்டால் அங்கே இந்தியன், பாகிஸ்தானி, இலங்கையன் என்று விளங்கிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அதே சொல்லைக் கேட்டால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சீனரும் கொரியரும் ஜப்பானியரும். ஒரே பெட்டிக்குள் சியோலையும் சுன்னாகத்தையும் போட்டு மூடிவிட்டு, பெட்டிக்கு மேலே 0.45 என்று எழுதினால் அது யாருடைய எண்?

"வெள்ளைக்காரரின் விகாரம்" என்பதும் அரை உண்மை. அது அடர்த்தியாக இருப்பது கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில்: கிரேக்கம், சைப்ரஸ், லெபனான். அங்கிருந்து துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வட இந்தியா என்று கிழக்கே வர வரக் குறைந்துகொண்டு வருகிறது, ஆனால் அற்றுப்போகவில்லை. இலங்கையிலும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகைச் சேர்ந்த வஜிர திசாநாயக்க, ரொஹான் ஜயசேகர முதலியோர் 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிங்களவர் 80 பேர், இலங்கைத் தமிழர் 80 பேர், சோனகர் 80 பேர். லைடன் மூன்று கூட்டத்திலும் சிலரிடம் இருந்தது. உன் அப்பா அதிசயப் பிறவி அல்ல.

அதற்காக, தமிழருக்கு இத்தனை வீதம், சிங்களவருக்கு இத்தனை வீதம் என்று ஓடிப்போய் எழுதிவிடாதே. 80 பேரில் ஓராள் கூடினாலே வீதம் 1.25 ஏறிவிடும். அந்த ஓராள் அன்றைக்கு இரத்தம் கொடுக்க வராமல் சந்தைக்குப் போயிருந்தால் எண் மாறியிருக்கும். சின்னக் கூட்டத்தின் வீதத்தை வைத்து இனங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது எங்கள் நாட்டில் எப்போதும் கொஞ்சம் ஆபத்தான பொழுதுபோக்கு. அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: "இங்கே இல்லை" என்று சொல்ல முடியாது.

எப்படி இங்கே வந்தது? யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் கந்தரோடை இருக்கிறது. போல் பீரிஸ் 1917ஐ ஒட்டி அங்கே தோண்டிய காலத்திலிருந்து பழைய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன, உரோம நாணயங்களும் சேர்த்து. நாணயம் வந்த வழியால்தான் மரபணுவும் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. அது அதற்கும் எத்தனையோ ஆயிரம் வருடம் முந்தி, வடமேற்கால் நடந்து வந்தவர்களோடு வந்திருக்கலாம். நாங்கள் ஒரே இடத்தில் முளைத்து அப்படியே நின்ற பனங்கூடல் அல்ல என்பதை மட்டும் கந்தரோடை காட்டுகிறது.

இன்னொன்றைப் பார். லைடன்தான் எல்லாம் என்றால், அது குறைந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரில் கட்டி குறைய வேண்டும். நடப்பது நேர் எதிர். வெள்ளையரை விட அவர்களில் கூட. அவர்களில் எட்டாம் காரணியின் அளவு சராசரியில் கூட. அரிவாளணுப் பண்பு ஒரு பிரதி இருந்தாலும் நுரையீரலில் கட்டி விழும் வாய்ப்பு ஏறுகிறது. ஜப்பானில் லைடன் இல்லை, ஆனால் நான் மேலே சொன்ன டோகுஷிமா உண்டு. அது புரதம் எஸ்ஸில் ஒரு மாற்றம். ஐம்பத்தைந்து பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சீனரில் புரதம் சியின் சில மாற்றங்கள். புரோத்திரோம்பின் மரபணுவில் 1996இல், அதுவும் லைடனில் கண்ட இன்னொரு விகாரம் ஐரோப்பாவில் நூற்றுக்கு இரண்டு பேரிடம் உண்டு, எங்கள் பக்கம் மிக அரிது. நிறுத்தும் கை எல்லா இடத்திலும் எங்கேயாவது கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது. ஊருக்கு ஊர் தளர்ந்த இடம் வேறு. கடையில் விற்கும் சோதனைப் பொதி ஐரோப்பியரின் தளர்ந்த இடத்தைத்தான் தேடும். ஒரு ஜப்பானியப் பெண்ணுக்கு அதைச் செய்து "ஒன்றும் இல்லை" என்று கடதாசி கொடுத்தால் அந்தக் கடதாசிக்கு என்ன பெறுமதி?

எங்கள் ஆட்களுக்கு இதில் மலிவான துப்பு ஒன்று இருக்கிறது. எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், ஒருவரும் யோசிப்பதில்லை: குருதி வகை. ஓ வகைக்காரரில் வொன் வில்லபிரான்ட் காரணி என்ற புரதம் கால்வாசி குறைவாக ஓடுகிறது. எட்டாம் காரணியைச் சுமப்பது அதுதான். அதனால் ஏ, பி, ஏபி வகைக்காரருக்குக் கட்டி வரும் வாய்ப்பு ஓ வகையை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு. உன் அப்பா பி. நான் ஓ. ஒரே தாய் வயிறு, ஒரே வான், ஒரே இரவு. நானும் கட்டுநாயக்காவுக்குப் போய் அவரோடுதான் திரும்பி வந்தேன். லைடன் எனக்கும் இருக்கலாம், அரைக்கு அரை. இருந்தும் கால் வீங்கியது அவருக்கு.

இந்த இடத்தில் நீ கேட்கப் போவது தெரியும்: நான் சோதித்தேனா, நீ சோதிக்க வேண்டுமா?

நான் சோதிக்கவில்லை. பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும், கட்டி வந்தவரின் பெற்றோர், பிள்ளைகள், சகோதரரை வழமையாகச் சோதிக்க வேண்டாம் என்றே சொல்கிறது. இருக்கிறது என்று தெரிந்தாலும் கட்டி வராதவருக்கு மருந்து கொடுப்பதில்லை. இல்லை என்று தெரிந்தால் ஆபத்து முழுக்க நீங்கிவிட்டது என்று நினைத்துக் காலை மடக்கிக்கொண்டு பறப்பார்கள். ரிப்போட் என்ற கடதாசி எங்கள் சமூகத்தில் என்ன செய்யும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு பிள்ளை, பிரசவம் முடிந்து மூன்றாம் கிழமை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் புரதம் எஸ் பார்த்திருக்கிறார்கள். குறைவு என்று வந்தது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகு கொஞ்ச நாளும் புரதம் எஸ் எல்லாப் பெண்களிலும் இறங்கும். கட்டி விழுந்த புதிதிலும், உறைதலைத் தடுக்கும் வோஃபரின் குடிக்கும்போதும் புரதம் சியும் எஸ்ஸும் குறைவாகத்தான் காட்டும். அதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பரம்பரை நோய் என்று கதை பரவி, தங்கைக்காரிக்குப் பேசிய சம்பந்தம் தட்டுப்பட்டுப் போனது. அந்தத் தாய் ரிப்போட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது திகதியைப் பார்த்தேன், பிள்ளை பிறந்த திகதியைக் கேட்டேன், மூன்று மாதம் பொறுத்து மறுபடி பாருங்கள் என்றேன். பார்த்தார்கள், சரியாக இருந்தது. போன சம்பந்தம் திரும்பி வரவில்லை. லைடனுக்கு டிஎன்ஏ பார்ப்பதால் இந்தச் சிக்கல் இல்லை, அது எந்த நாளில் பார்த்தாலும் ஒன்றுதான். ஆனால் ஊர் வாய்க்கு டிஎன்ஏயும் ஒன்று, புரதமும் ஒன்று. இப்போது எம்ரிஎச்எஃப்ஆர் என்ற மரபணு ஒன்றையும் பொதியில் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். கட்டிக்காக அதைப் பார்க்கத் தேவையில்லை என்று அமெரிக்க மரபியல் மருத்துவர் கல்லூரி 2013இலேயே சொல்லிவிட்டது.

உன் விசயம் கொஞ்சம் வேறு. நீ பெண். சித்தப்பா இதை எழுதுகிறாரே என்று கூச்சப்படாதே, நான் கூச்சப்படவில்லை. கர்ப்பத்தடை மாத்திரைகளில் ஈஸ்ரஜன் கலந்தவை உறைதலைக் கூட்டும். 1994இல் லைடன்காரரே போட்ட கணக்கு இது: மாத்திரையும் இல்லை, விகாரமும் இல்லை என்றால் பத்தாயிரம் பெண்களில் வருடத்துக்கு 0.8 பேருக்குக் கட்டி. மாத்திரை மட்டும் என்றால் 3. விகாரம் மட்டும் என்றால் 5.7, இரண்டும் சேர்ந்தால் 28.5. கூட்டிப் பார், கடைசி எண் கூட்டல் கணக்கில் வராது; ஒன்றை ஒன்று தூக்கிவிடுகிறது. இங்கே மாத்திரை குடிப்பது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் என்று நினைக்காதே. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போடப் பார்மசியில் வாங்கிக் குடிக்கிறார்கள். அதில் எந்த ஓமோன் இருக்கிறது என்று பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறவர் குறைவு. முகப்பருவுக்கும் சில டொக்டர்மார் கலப்பு மாத்திரை எழுதுகிறார்கள். உனக்கு யாராவது எழுதினால், "அப்பாவுக்குக் காலில் கட்டி வந்தது, லைடன் ஒரு பிரதி" என்று ஒரு வசனம் சொல். ஈஸ்ரஜன் இல்லாத வழிகள் இருக்கின்றன. சோதனை தேவையா என்பதை அந்த நேரத்தில் உன் டொக்டரோடு இருந்து கதை. பின்னொரு காலத்தில் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதும் அதே வசனம், முதல் கிளினிக்கிலேயே.

சொந்தத்துக்குள் கலியாணம் பற்றியும் ஒரு வரி. எங்கள் தாத்தா காலத்தில் சொந்த மச்சாளைக் கட்டுவதுதான் காணி வெளியே போகாத வழி. ஒரு பாட்டியிடம் இப்படி ஒரு பிரதி இருந்து, அவவின் மகன் பிள்ளையும் மகள் பிள்ளையும் கட்டினால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பிரதி இரண்டு பக்கத்தாலும் வந்து சேரும் வாய்ப்பு 64இல் ஒன்று. பாதை பாதையாக அரை அரையாகப் பெருக்கிப் பார், வரும். லைடன் இரண்டு பிரதி என்பது ஒரு பிரதியை விடப் பல மடங்கு கெட்டது. புரதம் சி இரண்டு பிரதியும் கெட்டால் பிறந்த குழந்தையின் தோலிலேயே கட்டிகள் விழும். நீ மச்சானைக் கட்டப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும், கணக்குக்காக எழுதினேன்.

படிவத்தில் எந்தப் பெட்டியில் கோடு போடுவது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தெற்காசியர் என்றே போடு. அந்தக் கோட்டை விட டொக்டருக்கு உபயோகமானது நீ வாயால் சொல்லும் குடும்பக் கதைதான்: யாருக்கு, எந்த வயதில், என்ன நடந்த பிறகு. ஐம்பது வயதுக்கு முந்தியா, பிரசவத்துக்குப் பிறகா, சத்திரசிகிச்சைக்குப் பிறகா, ஒரு காரணமும் இல்லாமலா? இதை எந்த ஆய்வுகூடமும் எடுத்துத் தராது.

அதனால்தான் இரண்டு நாளாக நான் அப்பம்மாவை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பிறந்து இரண்டாம் கிழமை அம்மாவுக்கு ஒரு கால் தொடை வரை வீங்கி வெளுத்துப் போயிற்றாம். மருத்துவிச்சி குளிர் இறங்கிவிட்டது என்று சொல்லி, சரக்குக் கொடுத்து, சீலையால் சுற்றிக் கட்டி, தண்ணியைக் குறைத்திருக்கிறா. பிரசவ அறையில் கிடந்த பெண்ணுக்குத் தண்ணியைக் குறைப்பது! ஆள் தப்பியது புண்ணியம். அந்தக் கால் பிறகு ஒருநாளும் பழையபடி ஆகவில்லை. கணுக்காலுக்கு மேலே ஒரு கையகலத்துக்குத் தோல் கறுத்து, தடித்து, பின்னேரமானால் வீங்கும். மழைக்காலத்தில் புண்ணாகும். "உன்னைப் பெத்த கால்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பா. அதை நான் பகிடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வுகூடத்தில் அத்தனை வருடம் இருந்தும், அது என்ன என்று ஒரு தரமும் கேட்டுக்கொள்ளவில்லை.

கர்ப்ப காலத்தில் விழும் கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் விழும். வயிற்றுக்குள் வலப்பக்கத்து நாடி இடப்பக்கத்து நாளத்தின் மேலால் குறுக்கே போகிறது. வயிற்றில் பிள்ளையும் சேர்ந்தால் நாளம் நசுங்கும். அம்மாவின் கறுத்த கால் இடது என்றால், அண்ணாவின் ரிப்போட் எங்கிருந்து வந்தது என்பதற்கு, நிச்சயமாக அல்ல, ஒரு திசை கிடைக்கும்.

எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். அம்மா குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் துருவுகிறா. நோகிற காலை மடக்க மாட்டா, நீட்டித்தான் வைத்திருப்பா. நீட்டிய கால் அடுப்பு இருந்த சுவர்ப் பக்கம். வாசலைப் பார்த்து இருந்தா என்றால் அடுப்பு அவவுக்கு இடப்பக்கம் வரும். ஆனால் வாசலைப் பார்த்து இருந்தாவா, முதுகு காட்டி இருந்தாவா? அந்தக் குசினியும் இப்போது இல்லை, இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரையோடு போயிருந்தது.

லண்டன் மாமி என்னை விட எட்டு வயது மூப்பு. கடைசிக் காலத்தில் அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டியது அவதான். இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, எந்தக் கால் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சித்தப்பா